முட்டுக்குப் பின்னால் நீர்க்கட்டி, கெண்டைக்காலில்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. மூட்டுத் தேய்மானத்தால் இடது முட்டுக்குப் பின்னால் நீர்க்கட்டி இருப்பதாக 3 ஆண்டுகளுக்கு முன் ஸ்கேனில் தெரிந்தது. தம்பியின் ஆறு மாத முறை முடிந்து, போன வாரம்தான் மும்பையிலிருந்து ரயிலில் என்னிடம் வந்தார். கழிவறைக்குப் போகச் சிரமம் என்று தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல், உட்கார்ந்த இடத்திலேயே வந்தாராம். இரண்டு நாட்களாக இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து வலிக்கிறது. கட்டி உடைந்திருக்கும் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை உழிச்சலுக்கு (எண்ணெய் தேய்த்து அழுத்தித் தடவும் சிகிச்சைக்கு) வர்ம ஆசானை வரச் சொல்லியிருக்கிறேன். இது கட்டியா, இரத்த உறைவா என்று வீட்டிலேயே அறிய வழி உண்டா?
– வாசகி, தக்கலை

பதில்: வழி இல்லை. கடிதம் கிடைத்த அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்து, உழிச்சலை நிறுத்திவிட்டு அம்மாவை உடனே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அந்த அவசரத்தில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

இடமின்மையால் சுருக்கி வெளியிட்டிருக்கும் உங்கள் கடிதத்தில், நீர்க்கட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். ரயிலைப் பற்றி ஒரே ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் கண்ணில் குத்தியது. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து செய்யும் பயணமே காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும் என்றிருக்க, அறுபத்தெட்டு வயதுப் பெண் ஒன்றரை நாள் அப்படி வந்து, அடுத்த வாரமே ஒரு காலில் மட்டும் வீக்கம் கண்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பழைய கட்டியை அல்ல.

நீங்கள் நினைத்ததில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முட்டுக்குப் பின்னால் வரும் அந்தக் கட்டி மூட்டு நீர் பிதுங்கிச் சேர்வதால் உண்டாவது. காலை நீட்டினால் இறுகும், மடக்கினால் இளகும். அது உடைந்து நீர் கெண்டைக்காலுக்குள் இறங்கினால், வீக்கம், சிவப்பு, சூடு, வலி எல்லாம் இரத்த உறைவைப் போலவே இருக்கும். சிலருக்குச் சில நாட்களில் கணுக்காலின் உட்புறம் கன்றிப்போனது போன்ற நீலம் தெரியும். பலருக்கு அதுவும் தெரியாது. இரண்டும் ஒரே காலில் சேர்ந்தும் இருக்கலாம் என்பதால், கட்டி இருக்கிறது என்ற பழைய ஸ்கேன் தாள் உறைவு இல்லை என்பதற்குச் சான்றாகாது. கைதேர்ந்த மருத்துவரே தொட்டுப் பார்த்து முடிவு சொல்லாமல், நாளங்களில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்புவதன் காரணம் இதுதான்.

நம் மாவட்டத்து ஆசான்களின் கைத்திறனை நான் குறைத்துப் பேசுபவன் அல்ல. என் தோள்பட்டையே அதற்குச் சாட்சி. ஆனால் உறைவு இருக்கும் காலை அழுத்தித் தடவினால் அது பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கக்கூடும். மூச்சுத் திணறலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலியோ, இருமலில் இரத்தமோ, மயக்கமோ வந்தால் 108ஐ அழைப்பதைத் தவிர வேறு எதற்கும் நேரம் இராது. பக்கத்து வீட்டாருடைய இரத்தம் உறையாத மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிடவும் வேண்டாம். உடைந்தது கட்டியாக இருந்தால், அந்த மாத்திரையாலேயே கெண்டைக்காலுக்குள் இரத்தம் கசியலாம்.

இனி அந்த 'முறை'. கால்வாய்த் தண்ணீரை வயலுக்கு முறை வைத்து விடுவது நமக்குத் தெரியும். பெற்றவளையும் அப்படி ஆறு மாதத்துக்கு ஒரு முறை மடை மாற்றும் பழக்கம் எந்த வீட்டில் வந்தாலும் எனக்குப் பொறுப்பதில்லை. கழிவறைக்கு எழுந்தால் கைபிடித்து அழைத்துப் போக ஆள் இல்லாததால்தான் அவர் தண்ணீரே குடிக்கவில்லை. டிக்கெட் எடுத்த தம்பியும், வண்டி வரும் நேரம் பார்த்துப் போய் அழைத்து வந்த நீங்களும், கூட வர ஓர் ஆள் வேண்டும் என்று யோசிக்கவில்லை. செலவுக்கு அஞ்சினீர்களா, யார் விடுப்பு எடுப்பது என்ற பேச்சுக்கு அஞ்சினீர்களா என்பதை உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள்.

உறைவு என்று உறுதியானால், குறைந்தது 3 மாதமாவது மருந்து தொடர வேண்டியிருக்கும். அதற்குள் அடுத்த முறைக்கான தேதியும் நெருங்கும். அம்மாவைத் தனியாக ரயிலேற்றும் எண்ணத்தை இன்றே கைவிடுங்கள். தம்பிக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றால், அவரே டிக்கெட் எடுத்து நாகர்கோவிலில் வந்து இறங்கட்டும்.