ஊட்டி உறைபனியில் காய்ந்துபோன கிளமேடிஸ் கொடியைப் பிடுங்கிவிடலாமா?

ஊட்டிக்குக் குடிவந்து ஆசையாக வைத்த கிளமேடிஸ் டிசம்பரில் குச்சியாகிவிட்டது, பிடுங்கிவிட்டு வேறு செடி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து பிடுங்காதீர்கள். நான் ஒன்றை அப்படித்தான் இழந்தேன். எங்கள் வீடு தலைகுந்தா பக்கம், பள்ளத்தில் இருக்கிறது. காற்றில்லாத இரவுகளில் குளிர் அங்கே வந்து தேங்கும். முதல் வருடம் ஜனவரியில், கொடி பட்டுப்போனதாக நினைத்து வேரோடு இழுத்துவிட்டேன். மண்ணுக்குள் இருந்த கணுவில் அரிசி அளவு முளை ஒன்று ஊதா நிறத்தில் உயிரோடு இருந்தது. திரும்ப நட்டும் அது பிழைக்கவில்லை. இன்றும் மனம் உறுத்துகிறது.

இந்தக் கொடி குளிரைத் தாங்கும். இதன் காட்டு உறவான கிளமேடிஸ் வைட்டியானா நம் சோலை ஓரங்களிலேயே படர்கிறது. இங்கே நான் கண்டவரை, கொடியைக் கொல்வது மழைக்காலத்தில் வேரடியில் தேங்கும் தண்ணீர்தான். அதனால் இனி ஒன்று நடும்போது குழியை ஒன்றரை அடி தோண்டி, மக்கிய சாணமும் மணலும் கலந்து நிரப்புங்கள். நம் மண் அமிலத்தன்மை உள்ளது. அதைக் குறைக்க, தேயிலைக்குப் போடும் டோலமைட் சுண்ணாம்புத் தூளில் இரண்டு கைப்பிடி சேருங்கள். ஆனால் நீல ஹைட்ராஞ்சியாவுக்குப் பக்கத்தில் போடவேண்டாம். எங்கள் வேலியோரச் செடி மறு வருடமே இளஞ்சிவப்பாகப் பூத்தது!

தொட்டியில் இருந்ததைவிட மூன்று அங்குலம் ஆழமாக நடுவது மிக முக்கியம். வாடல் நோய் வந்தால் நேற்றுவரை மொட்டோடு நின்ற தண்டு திடீரென்று கறுத்துத் தொங்கிவிடும். அதை அடியோடு வெட்டுங்கள். மண்ணுக்குள் புதைந்த கணுக்களிலிருந்து மறுபடி துளிர்க்கும். தலைக்கு வெயில் வேண்டும், வேருக்கு நிழல் வேண்டும். அடியில் ஒரு தட்டைக்கல் போதும். தடித்த கம்பத்தில் இது ஏறாது. இலைக்காம்பே சுற்றிப் பிடிப்பதால் மெல்லிய கம்பி கட்டுங்கள்.

இளந்துளிரை மட்டும் உறைபனி கருக்கும். தாவரவியல் பூங்காவில் செய்வதுபோல் மாலையில் மிலார் என்ற புதர்ச்செடியின் கிளைகளால் மூடுங்கள். மூடாமல் விட்டிருந்தால் வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுங்கள்.

இப்போது அடித்தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெரியாவிட்டாலும் ஏப்ரல்வரை பொறுங்கள். கவாத்து பிப்ரவரி இறுதியில் செய்யலாம், ஆனால் ரகத்துக்கு ரகம் மாறும்: புதுத் தண்டில் பூப்பதை ஓரடி விட்டு வெட்டலாம், பழைய தண்டில் பூப்பதில் காய்ந்த நுனியை மட்டும் எடுக்கவேண்டும். உங்களுடையது எந்த மாதம் பூத்தது என்று எழுதுங்கள், சொல்கிறேன்.