தகரப் பேணியில் கத்தரி வருமா?

கேள்வி: கனடாவில் அக்கா மார்ச் மாதம் வீட்டுக்குள்ளேயே நாற்றுப் போடுகிறா. நானும் அப்படிச் செய்யலாமா? காலி வாளி, பால்மாப் பேணி நிறையக் கிடக்கிறது.
- வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, அக்காவுக்குப் பனிப் பயம், எங்களுக்கு வெயில் பயம். மாரி ஓய்ந்த மாசியில் வெளியிலேயே போடலாம். யோகட் கோப்பையின் அடியில் துளையிட்டு, மண்ணும் மக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்பி, மிளகாய், கத்தரி விதைகளை அரை சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றுங்கள். நான் கிணற்றடி வேம்பின் கீழ், காலை வெயில் விழும் பக்கமாக வைக்கிறேன். நாலைந்து இலை வந்ததும் வாளிக்கு மாற்றலாம். ஒரு வாளிக்கு ஒரு கன்றுதான், ஆசைப்படாதீர்கள். தகரப் பேணி பங்குனி வெயிலில் கொதித்து வேரை அவித்துவிடும், சாக்கால் சுற்றுங்கள். பூச்சிமருந்து வந்த கான் மட்டும் வேண்டவே வேண்டாம், எத்தனை தரம் கழுவினாலும் சரி. வெண்டி, பயிற்றைக்கு நாற்று வேலை இல்லை, நேரே வாளியில் ஊன்றுங்கள்.