ஒரே பொருள், ஊருக்கு ஊர் வேறு பில்: விற்பனை வரி ஏன் இப்படி?

கேள்வி: அமெரிக்காவில் ஒரே பொருளுக்கு டெக்சாஸில் ஒரு வரி, நியூயார்க்கில் வேறு வரி, ஓரிகனில் வரியே இல்லை என்கிறார்கள். விலைச்சீட்டில் இருப்பது ஒன்று, பில்லில் வருவது வேறு. இந்தியாவில் அப்படி இல்லையே, ஏன்?

பதில்:

அமெரிக்காவில் மத்திய அரசு விற்பனை வரி போடுவதே இல்லை. அந்த அதிகாரம் மாநிலங்களிடம் இருக்கிறது. மாநிலம் அனுமதித்தால் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது), நகராட்சி, பொதுப் போக்குவரத்து அமைப்பு என்று ஒவ்வொன்றும் தன் பங்கை மேலே ஏற்றிக்கொள்ளும். நியூயார்க் நகரத்தின் 8.875 சதவீதத்தைப் பிரித்தால் மாநிலத்துக்கு 4, நகரத்துக்கு 4.5, பெருநகரப் போக்குவரத்துக்கு 0.375. டெக்சாஸில் மாநில வரி 6.25. உள்ளூர் அமைப்புகள் எத்தனை இருந்தாலும் எல்லாம் சேர்ந்து 2-ஐத் தாண்டக் கூடாது, அதனால் உச்சம் 8.25. கலிபோர்னியாவில் குறைந்தபட்சமே 7.25. ஓரிகன், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், டெலவேர், அலாஸ்கா ஆகிய ஐந்திலும் மாநில விற்பனை வரி கிடையாது. ஆனால் அலாஸ்காவில் பல ஊர்கள் தாமே வரி வாங்குகின்றன. தெருவுக்கு அந்தப் பக்கம் வேறு விகிதம் என்ற நிலையில், பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் கடை ஒரே விலையை அச்சடித்துவிட்டு வரியைக் கல்லாவில் சேர்ப்பதுதான் வழக்கம்.

விகிதத்தைவிட, எதற்கு வரி உண்டு, எதற்கு இல்லை என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நியூயார்க் நகரத்தில் 110 டாலருக்குக் குறைவான துணிக்கும் காலணிக்கும் வரி இல்லை. கணக்கு பில்லின் மொத்தத்துக்கு அல்ல, ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனி. 109 டாலர் சட்டையும் 120 டாலர் ஷூவும் வாங்கினால் சட்டைக்கு வரி பூஜ்யம். ஷூவுக்கு முழு 120-க்கும் 8.875 சதவீதம், அதாவது 10.65 டாலர். மொத்தம் 239.65. மாசசூசெட்ஸில் இதே சலுகைக்கு வரம்பு 175 டாலர், ஆனால் கணக்கு வேறு. அங்கே 200 டாலர் கோட்டுக்கு வரம்பைத் தாண்டிய 25 டாலருக்கு மட்டும் 6.25 சதவீதம், 1.56 டாலர்தான். உணவிலும் இதே கதை. நியூயார்க்கில் பேகல் என்ற வளைய வடிவ ரொட்டியை முழுசாக வாங்கிக்கொண்டு போனால் வரி இல்லை. கடைக்காரர் அதை வெட்டிக் கொடுத்தால் தயாரித்த உணவாகி வரி விழும்.

இன்னொரு வேறுபாடு, வரியை எந்தக் கட்டத்தில் வசூலிக்கிறார்கள் என்பது. இந்தியாவின் ஜிஎஸ்டியிலும் ஐரோப்பாவின் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரியிலும் ஒவ்வொரு கைமாறலிலும் வரி உண்டு. 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டு ஒரு மர நாற்காலியைப் பாருங்கள். மரக்கடை 1,000 ரூபாய்க்கு மரம் விற்று 180 வரி வாங்குகிறது. பட்டறை 2,000-க்கு நாற்காலி விற்று 360 வாங்குகிறது, ஏற்கெனவே கொடுத்த 180-ஐக் கழித்துக்கொண்டு மீதி 180-ஐக் கட்டுகிறது. ஷோரூம் 3,000-க்கு விற்று 540 வாங்கி, 360-ஐக் கழித்து 180 கட்டுகிறது. அரசுக்குப் போனது 540, கடைசி விலையில் சரியாக 18 சதவீதம்.

அமெரிக்காவில் நடுவில் இருப்பவர், திரும்ப விற்கத்தான் வாங்குகிறேன் என்று சொல்லும் மறுவிற்பனைச் சான்றிதழைக் காட்டி வரியில்லாமல் வாங்குவார். கடைசி வாடிக்கையாளர்தான் வரி கட்டுவார். எளிதாகத் தோன்றினாலும் இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைக்காத மொத்த வியாபாரி, தணிக்கையில் அந்த வரியைத் தன் கையிலிருந்து கட்ட நேரும். அடுத்து, கடைக்காரர் தன் உபயோகத்துக்கு வாங்கும் பில்லிங் மெஷின், மேசை போன்றவற்றுக்குக் கட்டிய வரியைக் கழிக்க வழியில்லை. அது அவர் விற்கும் பொருளின் விலையில் ஏறி, வரிமேல் வரியாகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே வாட் முறை மேல் என்பேன். அதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. விற்றவர் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் வாங்கியவரின் 2பி-யில் (ஜிஎஸ்டி தளம் தரும் கொள்முதல் பட்டியல்) அந்த பில் வராது, இன்புட் கிரெடிட் (கொள்முதலில் கட்டிய வரியைக் கழிக்கும் உரிமை) நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு மாதமும் 2பி-யைக் கொள்முதல் பில்களோடு ஒத்துப்பார்த்த பிறகு 3பி என்ற வரி ரிட்டர்னைப் போடுங்கள்.

இந்தியாவும் அமெரிக்கா மாதிரி இருந்ததுதான். 1939-இல் ராஜாஜியின் சென்னை மாகாண அரசு, மதுவிலக்கால் இழந்த வருமானத்தை ஈடுகட்டப் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. நாட்டிலேயே அதுதான் முதல். பிறகு மாநிலத்துக்கு ஒரு விகிதம், மாநில எல்லை தாண்டினால் சிஎஸ்டி என்ற மத்திய விற்பனை வரி, அதில் சலுகை பெற சி ஃபார்ம் என்ற படிவம் என்று ஓடி, 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. இப்போது 18 சதவீதப் பொருளை சென்னையிலிருந்து கோவைக்கு விற்றால் மத்திய அரசுக்கு 9, மாநிலத்துக்கு 9; பெங்களூருக்கு விற்றால் மாநிலங்களுக்கிடையிலான ஐஜிஎஸ்டி 18. வாங்குபவருக்குச் சுமை ஒன்றுதான். பெட்ரோல், டீசல், மது மூன்றின் விற்பனை வரியும் இன்னும் மாநிலங்கள் கையில் இருப்பதால்தான் புதுச்சேரி பெட்ரோல் பங்கில் விலை குறைவு. எம்ஆர்பியில் எல்லா வரியும் அடக்கம் என்பதால் அதற்கு மேல் ஜிஎஸ்டி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ஹோட்டல் மெனு விலை எம்ஆர்பி அல்ல, அங்கே 5 சதவீதம் தனியாக வரலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பொது விகிதம் 15-க்குக் குறையக் கூடாது, ஹங்கேரியில் 27. விலைச்சீட்டிலேயே வரி சேர்ந்திருக்கும். கனடாவில் கல்லாவில்தான் சேர்ப்பார்கள்: டொரன்டோவில் 13, கால்கரியில் 5, மொன்ட்ரியாலில் 14.975.

இங்கிருந்து அமெரிக்காவுக்குப் பொருள் அனுப்பி விற்பவர்கள் கவனிக்க வேண்டியது: 2018-இல் சவுத் டகோட்டா மாநிலத்துக்கும் வேஃபேர் என்ற ஆன்லைன் கடைக்கும் நடந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, வாங்குபவர் இருக்கும் மாநிலத்தில் கடை, கிடங்கு எதுவும் இல்லாவிட்டாலும் வரிப் பொறுப்பு வரும். பல மாநிலங்களில் வரம்பு ஆண்டுக்கு 1,00,000 டாலர் விற்பனை. டெக்சாஸ், கலிபோர்னியாவில் 5,00,000. பெரிய ஆன்லைன் சந்தை வழியாக விற்றால் பெரும்பாலும் அந்தத் தளமே வரியை வாங்கிக் கட்டிவிடும். சொந்த இணையதளத்தில் விற்றால் மாநிலவாரியாக விற்பனையை எழுதிவாருங்கள். வரம்பு நெருங்கினால் முதலில் அந்த மாநிலத்தில் பதிவு செய்யுங்கள், அதன் பிறகே வரி வசூலியுங்கள். பதிவில்லாமல் வசூலிப்பது குற்றம். பதிவு செய்த பின் விற்பனையே இல்லாத காலத்துக்கும் பூஜ்ய ரிட்டர்ன் போட வேண்டும்; பலர் அபராதம் கட்டுவது இங்கேதான். விகிதத்தை 5 இலக்க ஜிப்பை (அமெரிக்க அஞ்சல் குறியீடு) வைத்து எடுக்காதீர்கள். ஒரே ஜிப்புக்குள் இரண்டு நகராட்சி எல்லைகள் வரலாம். முழு முகவரியை மாநில வரித்துறையின் தளத்தில் போட்டுப் பார்த்து எடுங்கள்.