நூற்றிருபது பாட்டும் ஒரு பிறந்தநாளும்

கேள்வி: நான் விரும்பும் பெண்ணுக்கு அடுத்த மாதம் பிறந்தநாள். பரிசாக ஒரு மிக்ஸ்டேப், அதாவது நானே பொறுக்கிய பாட்டுகளின் தொகுப்பு, தயாரிக்கிறேன். காதல், கனவு, வாழ்க்கையின் அர்த்தம் என்று மூன்று பகுதிகள். செயலியில் இதுவரை 120 பாட்டுகள் சேர்ந்துவிட்டன. அர்த்தம் பகுதி மட்டும் கொஞ்சம் இளைத்திருக்கிறது. நல்ல தத்துவப் பாட்டாகப் பத்து சொல்ல முடியுமா? அவர் உட்லண்ட்ஸில் இருக்கிறார், வேலை ராஃபிள்ஸ் பிளேஸில். ரயிலில் எந்நேரமும் காதில் பாட்டுதான். அவருடைய தாத்தாவிடம் ஓடுகிற நிலையில் ஒரு டேப் ரெக்கார்டர் இருக்கிறது. நிஜ கேசட்டிலேயே பதிந்து கொடுக்கலாமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: பத்தும் சொல்ல மாட்டேன், ஒன்றும் சொல்ல மாட்டேன், தம்பி. கையில் இருக்கிற 120இல் நூறைக் கழித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

ஒரு சினிமாப் பாட்டுக்கு நாலரை நிமிடம் என்று வைத்தாலே உங்கள் பரிசு ஒன்பது மணி நேரம் ஓடும். சாங்கியில் ஏறிச் சென்னை போய், கீழே இறங்காமல் அதே விமானத்தில் திரும்பி வந்தாலும் சில பாட்டுகள் பாக்கி இருக்கும். சரி, அவர் கேட்பது இருக்கட்டும். இந்த 120ஐயும் முதலில் நீங்கள் கேட்டீர்களா? பல்லவியிலிருந்து கடைசிச் சரணம் வரை? 'இதையும் சேர்க்கலாமே' என்று செயலி நீட்ட நீட்ட, கட்டைவிரலால் தட்டிக்கொண்டே போயிருக்கிறீர்கள் என்று எனக்குச் சந்தேகம்.

கேசட் காலத்தில் அந்தச் சௌகரியம் இல்லை. உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். 90 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம், ஏறக்குறைய பத்துப் பாட்டு. பாட்டு கேசட்டை ஒரு பக்கமும் காலி கேசட்டை மறுபக்கமும் போட்டு, ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அமுக்கிவிட்டு உட்கார வேண்டும். வேகமாகப் பதியும் வசதி இல்லாத செட்டில் 45 நிமிடப் பாட்டைப் பதிய 45 நிமிடம்தான். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் அடுத்த பாட்டின் முதல் தபேலா அடி உள்ளே விழுந்துவிடும். வானொலியிலிருந்து பதிந்தவர்கள் பாடு இன்னும் மோசம். முகப்பு இசை அழகாக ஏறிக்கொண்டிருக்கும்போது அறிவிப்பாளர் நேயர் பெயர்களைப் படித்துக்கொண்டிருப்பார். பக்கம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் நீளப் பாட்டைத் தொடங்கினால் சரணத்தின் நடுவே டொக்கென்று நிற்கும். அதனால் தாளில் நிமிடம், விநாடி எழுதிக் கூட்டிப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில், கேட்ட பாட்டைப் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டர்காரரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தவர்களும் அடித்து, திருத்தி, மறுபடி எழுதித்தான் கொடுத்தார்கள். இருப்பதே இருபது இடம். ஒரு பாட்டு உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். எதைத் தள்ளுவது என்று முழிக்கிற நேரத்தில்தான், கேட்கப் போகிறவருக்கு எது பிடிக்கும் என்ற யோசனையே வரும். உங்களுக்கு அந்த யோசனை இன்னும் வரவில்லை.

வந்திருந்தால் காதல், கனவு, அர்த்தம் என்று பிரித்திருக்க மாட்டீர்கள். இந்த மூன்று தலைப்பும் எனக்கும் பொருந்தும், என் எதிர்வீட்டுக்காரருக்கும் பொருந்தும். இதில் அந்தப் பெண் எங்கே இருக்கிறார்? நம் அகப்பாட்டில், அதாவது சங்கக் காதல் பாட்டில், முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும்தான். எந்த இடம், என்ன வேளை? காட்டில் மாலை இறங்கினால் காத்திருப்பு. மலையில் நள்ளிரவு என்றால் களவுச் சந்திப்பு. தலைவன் தலைவி பெயரைக்கூடச் சொல்லக் கூடாது என்று விதி. அவ்வளவு கட்டுப்பாட்டுக்குள்ளே இருந்துதான் இத்தனை காதல் வந்தது.

உங்களுக்கு நிலமும் பொழுதும் கையிலேயே இருக்கின்றன: வடக்கு-தெற்கு ரயில் பாதை, காலை நேரம். உட்லண்ட்ஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் ஏறக்குறைய முக்கால் மணி நேரம், அதாவது கேசட்டின் ஒரு பக்கம். ஏறும்போது தூக்கம் முழுசாகக் கலைந்திருக்காது. முதல் பாட்டே கத்த வேண்டாம். மூன்றாவது பாட்டு ஓடும்போது ரயில் ஈசூனுக்கு வரும், உங்கள் நிலையம். அங்கே எது வர வேண்டும் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. காதிப் தாண்டினால் இயோ சூ காங் வரை நிற்காமல் நீள ஓட்டம், வெளியே மரமும் நீர்த்தேக்கமும். முகப்பு இசை நீளமாக உள்ள பாட்டுக்கு அதைவிட நல்ல இடம் இந்தத் தீவில் எனக்குத் தெரியாது. பிரேடல் வந்தால் சுரங்கம், அப்புறம் கூட்டம், யாருடைய பையோ முதுகில் இடிக்கும். ஆட்டம் போட வைக்கிற பாட்டுகளை அங்கே அடுக்குங்கள். ரயில் தாமதமானால் கணக்குத் தப்பும். அது உங்கள் குற்றமில்லை. இன்னொரு பக்கம் வீடு திரும்பும் நேரத்துக்கு. அதை நீங்களே யோசியுங்கள்.

பாட்டு எல்லாம் தமிழாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அடுக்குமாடி புளோக்கின் கீழே மலாய்க் கல்யாணம் நடந்த நாளெல்லாம் காதில் விழுந்த பாட்டு ஒன்று அவருக்குப் பிடிக்கும் என்றால் அதற்கும் இடம் கொடுங்கள்.

சரணங்களையும் கேளுங்கள். நம் சினிமாப் பாட்டில் பல்லவி கொஞ்சும். இரண்டாவது சரணத்தில் பார்த்தால் ஒருவர் விடைபெற்றுப் போய்க்கொண்டிருப்பார். படத்தில் அந்தப் பாட்டு முடிந்ததும் யார் செத்தார்கள் என்பதும் அந்தப் பெண்ணுக்கு நினைவிருக்கும்.

'கனவு' என்று தேடினால் வரியில் எங்காவது கனவு இருக்கிற எல்லாவற்றையும் செயலி அள்ளிக் கொட்டும். அவருக்கு என்ன கனவு என்று அவரைக் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவர் வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, தாத்தாகூட இருக்கிறார், அது மட்டும் இல்லை.

தத்துவப் பகுதியை மொத்தமாக எடுத்துவிடுங்கள். நம் தத்துவப் பாட்டில் பாதி சுடுகாட்டில் போய் முடியும். மீதி, நன்றி மறந்த சொந்தக்காரர்களைத் திட்டும். எனக்கு அவை மிகவும் பிடிக்கும், இரவு பதினொரு மணிக்கு மேல், தனியாக. பிறந்தநாளன்று கல்யாணப் பேச்சை எடுக்கப் போகிறீர்கள் என்று நினைத்திருப்பவர், இந்தப் பத்தையும் கேட்டால் நீங்கள் துறவறம் போகிறீர்கள் என்று பயந்துவிடுவார்.

அந்த இடத்தில் உங்கள் குரலை வையுங்கள். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டைக் கொண்டு வந்தபோது அதைப் பேச்சைப் பதிகிற கருவியாகத்தான் நினைத்தது. பாட்டு பிறகு வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. கடிதம் எழுத அலுத்து, கேசட்டில் பேசி ஊருக்கு அனுப்பிய தலைமுறை ஒன்றும் நமக்கு உண்டு. இரண்டு பாட்டுக்கு நடுவே அரை நிமிடம் போதும். கவிதை வேண்டாம், பாட்டின் அருமை பெருமையும் வேண்டாம். தேக்காவில் மழைக்கு ஒதுங்கியபோது கடையில் ஓடிய பாட்டு என்றால் அதை அப்படியே சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

இனி கேசட். தாராளமாகப் பதியுங்கள், ஆனால் ரயிலுக்கு அது உதவாது. அதே இருபதை அதே வரிசையில் போனுக்கும் அனுப்பி, ஷஃபிளை அணைத்துவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். வரிசை கலைந்தால் ஈசூன் பாட்டு டோபி காட் நிலையத்தில் வரும். பதியும் முன் தாத்தாவின் செட்டில் வெளியிலிருந்து ஒலி வாங்கும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். புதுப் போன்கள் பலவற்றில் இயர்போன் துளையே கிடையாது, அதற்கு ஓர் இணைப்பான் வாங்க வேண்டியிருக்கும். கேசட்டின் தொடக்கத்தில் சில விநாடிகளுக்கு வெறும் வெற்று நாடா வரும், அதில் எதுவும் பதியாது. பென்சிலை விட்டுச் சுற்றி, பழுப்பு நாடா தலைகாட்டிய பிறகு தொடங்குங்கள். இல்லையென்றால் முதல் பாட்டுக்குத் தலை இருக்காது.

கேசட்டின் முதுகு விளிம்பில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். கொடுக்கும் முன் இரண்டையும் உடைத்துவிடுங்கள், மேலே வேறு எதுவும் பதிய முடியாது. உடைக்க மறந்தால் ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை தாத்தா அதில் பக்திப் பாட்டைப் பதிந்துவிடுவார். உடைத்த இடத்தில் ஒட்டு நாடா ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும், எதற்கும் அவரோடு கொஞ்சம் சுமுகமாக இருந்துகொள்ளுங்கள்.