பதில்: டாக்டரிடம் இனி போகமாட்டேன் என்கிறாள் மனைவி

சகோ, டாக்டர் லீவுல போய் ஒரு அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போனதுக்கே "அவருக்கு என்னைப் பிடிக்கலை"னு மனைவி மாத்திரையை நிறுத்திட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. எங்க வீட்லயும் இதே கதைதான். என் கணவருக்கு டாக்டர் போன வாரம் தெய்வம், இந்த வாரம் துரோகி. கைவிட்டுடுவாங்களோங்கிற பயம் இந்த பார்டர்லைன் பிரச்சினைக்குள்ளயே (உணர்ச்சியும் உறவும் சட்டுனு தலைகீழா மாறுற மனநலக் கோளாறு) ஊறிக்கிடக்கு.

"லீவுதானே, இதுக்கென்ன"ன்னு விளக்கப் போகாதீங்க. நான் அப்படி வாதாடி ஜெயிச்ச அன்னைக்கு என் கணவர் பாத்ரூம் கதவைப் பூட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் வெளியே வரலை. "உனக்கு ரொம்ப வலிச்சிருக்கும்ல"னு சொல்லிட்டு சும்மா பக்கத்துல உட்காருங்க. வலியை ஏத்துக்கறது வேற, டாக்டர் கெட்டவர்னு ஒத்துக்கறது வேற.

மாத்திரை விஷயத்துல மட்டும் காத்திருக்காதீங்க. சில மருந்தை டக்குனு நிறுத்தினா உடம்பு படுத்தும். மனைவிகிட்ட சொல்லிட்டே டாக்டருக்கு போன் பண்ணுங்க. ரகசியமா பேசினது தெரிஞ்சா நீங்களும் துரோகிதான். அவங்க அனுமதியில்லாம டாக்டர் உங்களுக்கு எதுவும் சொல்லாம இருக்கலாம், ஆனா நீங்க சொல்றதைக் கேட்டுக்கத் தடையில்லை.

இதுக்கு முக்கிய சிகிச்சை பேச்சு சிகிச்சைதான், மாத்திரை துணைக்கு. டிபிடி (கொந்தளிக்கிற உணர்ச்சியைச் சமாளிக்கக் கத்துக்கொடுக்கிற ஒரு பேச்சு சிகிச்சை) கிடைக்குமான்னு கேளுங்க. அதை உருவாக்கின மார்ஷா லினஹான் தானும் சின்ன வயசுல மனநல மருத்துவமனையில இருந்தவங்கன்னு 2011ல வெளிப்படையா சொன்னாங்க. அதைக் கேட்டப்புறம்தான் என் கணவர் முதல் தடவை தானா கிளம்பினார்.

சாகப்போறேன்னு சொன்னா மிரட்டல்னு ஒதுக்காதீங்க, அன்னைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க.