பாட்டிக்குச் சொன்ன ட்வைலைட்

"ட்வைலைட் நாவலை எல்லோரும் கேலி செய்கிறார்களே, அது அவ்வளவு மோசமான புத்தகமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு மோசமில்லை. ஆனால் கேலி செய்கிறவர்கள் பெரும்பாலும் அதன் உண்மையான குறையை விட்டுவிட்டு வேறு எதையோ பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நான் வளர்ந்தது மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம். 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயர்தான். ஒரு கடைத்தெரு, சுற்றிலும் தோட்டங்கள். முன்பு ரப்பர் பால்மரம், இப்போது செம்பனை. 16 வயதில், படிவம் 4 படிக்கும்போது தோழி ஒருத்தி இந்தப் புத்தகத்தை இரவல் கொடுத்தாள். பாட்டிக்கு அப்போதே கண் மங்கியிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் படித்ததையெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டும். அப்படி நான்கு பாகங்களையும் தமிழில் சொல்லி முடித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் விடிகாலை இருட்டில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டியவர் அவர். இருட்டில் நடமாடுகிறவர்களைப் பற்றிய கதையைச் சொல்ல அவரைவிட நல்ல ஆள் எனக்குக் கிடைத்திருக்காது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 17 வயது பெல்லா, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்கு அப்பாவிடம் வந்து சேர்கிறாள். மரம் வெட்டிப் பிழைத்த ஊர், ஓயாத மழை. பள்ளியில் எட்வர்ட் என்ற அழகனைக் காதலிக்கிறாள். அவன் இரத்தம் குடிப்பவன். ஸ்டெஃபனி மேயர் எழுதி 2005-இல் வந்தது.

பாட்டியின் முதல் கேள்வி, "அங்க மழை பேஞ்சா வேலை உண்டா?" என்பதுதான். பால்வெட்டில் மழை என்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. ஊர் அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பையன்தான் பிடிபடவில்லை. எட்வர்ட் 1901-இல் பிறந்தவன். 1918-இல் சிகாகோவில் விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்தபோது ஒரு மருத்துவர் கடித்து மாற்றிவிட்டார். அதிலிருந்து வயது 17-இலேயே நிற்கிறது.

"அப்ப இப்ப நூத்திச் சொச்சம் வயசா? எனக்கே தாத்தாடி அவன். அவனுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்?"

சின்ன வயதுக்காரர்களாகக் காட்டிக்கொண்டால் ஒரே ஊரில் அதிக வருடம் சந்தேகம் வராமல் இருக்கலாம் என்று சொன்னேன். "தோட்டத்துல கிராணி வேலைக்குச் சேந்தாலும் இருக்கலாமே" என்றார். கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர். எனக்குப் பதில் தெரியவில்லை.

எட்வர்ட் குடும்பம் மனித இரத்தத்தைத் தொடாது, மிருக இரத்தம் மட்டும்தான். அதனால் தங்களைச் சைவம் என்று சொல்லிக்கொள்வார்கள். எட்வர்டுக்குப் பிடித்தது மலைச்சிங்கம். புரட்டாசி முழுக்க முட்டைகூடத் தொடாத பாட்டி இதைக் கேட்டு அரைமணி நேரம் சிரித்தார். மறுநாள் பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டு, "புலி ரத்தம் குடிக்கிற சைவக்காரன் கதை கேட்டியா?" என்று சொல்லி அவரையும் சிரிக்க வைத்தார்.

அப்புறம் அந்த மினுமினுப்பு. வெயில் பட்டால் எட்வர்டின் உடம்பு வைரத்தூள் மாதிரி மின்னும். உலகமே கிண்டல் செய்வது இதைத்தான். உண்மையான இரத்தக்காட்டேரி வெயிலில் எரிந்து சாக வேண்டுமாம். இங்கே நான் மேயர் பக்கம். 1897-இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவே பகலில் நடமாடுவான். அவன் பலம்தான் குறையும். வெயிலில் அழிவது 1922-இல் வந்த நோஸ்ஃபெராட்டு என்ற ஜெர்மன் மௌனப் படத்தால் பரவிய வழக்கம். ஆளாளுக்கு மாற்றிய கதையை மேயரும் மாற்றினார், அதில் குற்றமில்லை. பாட்டிக்கும் அது பிடித்திருந்தது. கோலசிலாங்கூர் ஆற்றங்கரையில் கம்போங் குவாந்தான் மின்மினிகளைப் பார்த்தவர் அவர். "இது பகல்ல மின்னுற மின்மினி" என்று ஏற்றுக்கொண்டார்.

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. பெல்லாவுக்குத் தெரியாமல் எட்வர்ட் இரவில் அவள் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் இல்லை, அநேகமாகத் தினமும். அவன் இதை ஒப்புக்கொள்ளும்போது, தூக்கத்தில் என்ன உளறினோமோ என்றுதான் பெல்லா வெட்கப்படுகிறாள். நான் இந்த இடத்தை உருகிச் சொன்னேன். பாட்டி கையைக் காட்டி நிறுத்தினார்.

"புள்ளையோட அப்பன் போலீஸ்னு சொன்னியே. துப்பாக்கிய எங்க வச்சிட்டுத் தூங்குறான்?"

தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒரு வீட்டு இருமல் நான்கு வீட்டுக்குக் கேட்கும். ராத்திரியில் வேற்று ஆள் பின்பக்கம் நடந்தால் லயமே விளக்கோடு எழுந்து நிற்கும். அங்கே வாழ்ந்தவருக்கு இதைக் காதல் என்று எப்படிச் சொல்வது? அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று அவர் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன். ஒரு பெண்ணின் பயத்தை எடுத்து அதற்குப் பரிசுத்தாள் சுற்றி 16 வயதுப் பெண்களிடம் நீட்டுகிறது அந்த அத்தியாயம். முதல் பாகத்தின் கதையையே எட்வர்ட் சொல்வதாக 2020-இல் வந்த புத்தகத்தில், ஜன்னல் சத்தம் போடுகிறதே என்று எண்ணெய் கொண்டுவர நினைக்கிறான் அவன். அதைப் படித்தபோது பாட்டி இல்லை. இருந்திருந்தால் அவரிடம்தான் முதலில் ஓடியிருப்பேன்.

நல்ல இடங்களும் உண்டு. இரண்டாம் பாகத்தில் எட்வர்ட் விட்டுப்போன பிறகு, அக்டோபர் முதல் ஜனவரி வரை மாதப் பெயர் மட்டும் இருக்கும் பக்கங்கள் வரும். வேறு ஒரு வார்த்தை கிடையாது. துக்கத்தை இதைவிட நன்றாக, கதையைச் சொல்லும் பெல்லாவால் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டியது நான்காம் பாகம். வயிற்றுப் பிள்ளை பெல்லாவை உள்ளிருந்தே உடைக்கிறது. பிரசவத்தில் அவள் சாகும் நிலைக்குப் போகிறாள். எட்வர்ட் தன் விஷத்தை ஊசியில் ஏற்றி நெஞ்சில் குத்துகிறான். அவளும் இரத்தம் குடிப்பவளாக எழுகிறாள்.

பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது பொந்தியானாக் கதைடி!"

ஆமாம். பிள்ளைப்பேற்றில் செத்தவள் பேயாகி, வாழைமரத்தடியில் நிற்பாள், இரத்தம் குடிப்பாள். மலாய்க்காரர்கள் சொல்லும் பொந்தியானாக். 1957-இல் அதைப் படமாக இயக்கியவர்கூட இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ்தான். தமிழ்நாட்டிலும் வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளுக்குச் சுமை இறங்கட்டும் என்று சுமைதாங்கிக் கல் நட்டார்கள். மேயர் தெரிந்தோ தெரியாமலோ இந்தப் பழைய பயத்தைத் தொட்டுவிட்டார். அந்தப் பிரசவ அத்தியாயம் உண்மையாகவே நடுங்க வைக்கும். தொட்டவர் உடனே கையை எடுத்துவிட்டார் என்பதுதான் என் வருத்தம். எழுந்த பெல்லா முன்னைவிட அழகி. பசியை முதல் நாளே அடக்குகிறாள். வீடு, கணவன், பிள்ளை எல்லாம் கிடைக்கிறது. அவ்வளவு வலிக்கும் கணக்கே இல்லை.

பாட்டியும் அதையேதான் கேட்டார். "செத்துப் பொழச்சவளுக்கு ஒரு கொறையும் இல்லையா?"

இல்லை என்றேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். அதுவரை வீட்டில் யாரும் எனக்குச் சொல்லாதது. அந்த அக்கா லயத்திலேயே பிரசவ வலி கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வருவதற்குள் இறந்துபோனாராம். பிள்ளையும் தங்கவில்லை. அவர் பொந்தியானாக் ஆகிவிட்டார் என்று தோட்டத்தில் பேச்சு. லயத்துக்குப் பின்னால் இருந்த வாழைத்தோப்பு வழியாகப் பெரட்டுக்குப் போக ஆண்களே பயந்தார்களாம். சுற்றுவழியாகத்தான் எல்லோரும் போவார்கள்.

"நான் மட்டும் அந்த வழியாத்தான் போவேன். என் அக்காதானே. வந்திருந்தா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிருப்பேன்."