18 லட்சம் கட்டினால்தான் டிசைனரா?

அன்புள்ள அம்மா,

மகளின் படிப்பு விஷயத்தில் வீடே இரண்டு கட்சியாகி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரில் இருக்கும் உங்கள் தம்பி, "நல்லா வரையுற பிள்ளை, தனியார் யுனிவர்சிட்டியில டிசைன் டிகிரி, பி.டெஸ். சேர்த்துடுக்கா, 18 லட்சம்தானே, லோன் போட்டுக்கலாம்" என்கிறார். நாத்தனார் வீட்டிலோ, "படம் வரையுறது பொழுதுபோக்கு. பி.காம். முடிச்சு பேங்க் பரீட்சை எழுதட்டும், சாயங்காலம் உக்காந்து வரையட்டும்" என்கிறார்கள். பயப்படாதீர்கள், முடிவெடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. ஆறுதல் இதோடு போதும். இரண்டு பக்கமும் உங்களுக்குத் தவறான யோசனையைத்தான் சொல்கிறார்கள். அதில் ஒன்று உங்கள் வீட்டுப் பத்திரத்தையே கேட்கிறது.

முதலில் பணம். கையில் 3 லட்சம் இருக்கிறது, மீதி 15 லட்சம் கடன் என்கிறீர்கள். 11 சதவீத வட்டி, 10 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் 20,600 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். படிக்கும் 4 ஆண்டுகளில் ஏறும் வட்டி இந்தக் கணக்கில் இல்லை. டிசைன் படித்துவிட்டு என்னைப் பார்க்க வரும் பிள்ளைகளில், முதல் வேலையிலேயே 25,000 ரூபாயைத் தொட்டவர்களைவிடத் தொடாதவர்கள்தான் அதிகம். அப்புறம், கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி சொத்தை ஈடாகக் கேட்கும். மளிகைக்கடையில் இருபது வருடம் நின்று கட்டிய வீட்டை 17 வயதுப் பெண்ணின் படிப்புக்காக அடகு வைத்தால், நாளைக்கு அவள் தனக்குப் பிடித்த வேலையைத் தேட முடியாது. தவணைக்குப் போதுமான சம்பளம் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் போய் உட்காருவாள். அந்தக் கடனை வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

டிசைன், ஃபேஷன் படிப்புக்கான தேசிய நிறுவனங்களான என்.ஐ.டி., நிஃப்ட் பற்றி ஊரே பேசுகிறது. அந்தத் தேர்வுகளை எழுத அவளுக்கு ஆசை இருந்தால் எழுதட்டும். நான் இங்கே அதற்குள் போகவில்லை.

இப்போது நாத்தனார் சொல்வதற்கு வருகிறேன். கலையைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. மதுரையைக் கோட்டோவியங்களில் இழை இழையாக வரைந்த மனோகர் தேவதாஸ், மின்கலத் தொழிற்சாலையில் வேதியியலாளராகச் சம்பளம் வாங்கியவர். விழித்திரை நோயில் பார்வை குறைந்துகொண்டே வந்தபோதும் வரைவதை விடவில்லை. 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சண்டிகரில் நேக் சந்த் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். வேலை நேரம் போக, உடைந்த பீங்கானையும் வளையல் துண்டுகளையும் பொறுக்கிச் சேர்த்து யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டத்தையே கட்டினார். 1976-இல் அதை அரசே மக்களுக்குத் திறந்துவிட்டது. இவர்களிடம் யாரும் 'வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடு' என்றோ 'மயிலை எடுத்துவிட்டு அன்னம் போடு' என்றோ சொல்லவில்லை. அமெச்சூர் கலைஞருக்கு இருக்கும் பெரிய சொத்து அந்தச் சுதந்திரம்தான். அதுதான் வேண்டும் என்று பிள்ளையே சொன்னால், பி.காம். நல்ல வழி என்று நானே சொல்வேன்.

ஆனால் உங்கள் மகள் அப்படிச் சொல்லவில்லை. போன வாரம் நீங்கள் வெளியில் உட்கார்ந்திருந்தபோது, அவள் கொண்டுவந்த மயில் படத்தை நாலு விரல் அகலச் சேலைக் கரையில் அடங்கும்படி, மூன்றே நிறத்தில் மாற்றித் தரச் சொன்னேன். தன் படத்தை உயிராக நினைக்கும் பல பிள்ளைகள் அந்த இடத்தில் முகம் சுருங்கிவிடுவார்கள். அதுவும் தப்பில்லை, அவர்கள் தங்களுக்காக வரைகிறவர்கள். இவளோ, "சார், தோகை இப்படிப் போனா அடுத்த மயிலோட முட்டுமே, திருப்பிப் போடட்டுமா?" என்று கேட்டாள். அப்புறம் அழித்து அழித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒருமுறைகூட அலுத்துக்கொள்ளவில்லை. அடுத்தவர் தேவைக்குள் நின்று வரைவதில் சந்தோஷம் காண்கிற பிள்ளை அவள். தொழில்முறைக் கலைஞருக்கு வேண்டிய குணம் அது. திறமை இரண்டு வகையினருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். இந்தக் குணம்தான் பிரிக்கிறது. அதைப் பார்த்த பிறகும் அவளைச் சாயங்காலம் மட்டும் வரையச் சொல்வது நியாயமே இல்லை.

சரி, எங்கே சேர்ப்பது? உங்கள் இரு கட்சியும் பேச்சுக்குக்கூட எடுக்காத ஒரு படிப்பு இருக்கிறது. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. என்ற கவின்கலை இளங்கலைப் பட்டம், ஜவுளி வடிவமைப்புப் பிரிவு. 4 ஆண்டு. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைக்கு இந்தக் கல்லூரி. ஓவியம், சிற்பம் என்று சேர நிறைய பேர் வருகிறார்கள். ஜவுளிப் பிரிவை இரண்டாவது, மூன்றாவது விருப்பமாகத்தான் பலரும் எழுதுகிறார்கள். தறிச் சத்தத்திலேயே வளர்ந்த அருப்புக்கோட்டைப் பிள்ளை அதை முதல் விருப்பமாக எழுதலாம் என்பது என் வாதம்.

ஜவுளி டிசைனர் என்ன செய்கிறார் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உறவினர்கள் 'சேலைக்குப் பூ போடுற வேலையா' என்றுதான் கேட்பார்கள். அச்சிடும் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். சாயத்தைத் துணியில் பதிக்கும், சுழலும் ஸ்கிரீன் உருளையின் சுற்றளவு பெரும்பாலும் 64 செ.மீ. அதனால் ஒரு டிசைன் 64, 32, 16 செ.மீ. என்று அந்த அளவுக்குள் மிச்சமில்லாமல் வகுபட வேண்டும். மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும், இடது வலதோடும் தையல் தெரியாமல் சேர வேண்டும். தாளில் அழகாக இருந்த பூங்கொத்து, நூறு மீட்டர் ஓடியதும் நடுவில் வெள்ளைக் கோடு விழுந்தாற்போல இடைவெளி காட்டும். அதை முன்கூட்டியே கண்டுபிடித்து, பூவைப் பாதி இறக்கி, இலையைத் திருப்பி மறைக்கிற கண் வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன், ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் காசு. 8 நிறத்தில் போட்டதை 5 நிறத்தில் கேட்பார்கள், அதே அழகோடு. அப்புறம் அதே டிசைனை மூன்று நான்கு நிறச் சேர்க்கைகளில் கொடுக்க வேண்டும். திருப்பூரில் துணி வாங்கும் பையர் அனுப்பிய நிற எண்ணும் லேப் டிப்பும் (சோதனைக்குச் சாயமேற்றிய துணித் துண்டு) ஒத்துப்போகிறதா, ஸ்ட்ரைக் ஆஃப் என்ற மாதிரி அச்சுத் துணியில் கோடு தடித்துவிட்டதா என்று பார்ப்பதும் இவர் வேலைதான்.

நெசவு இன்னும் ஆழமானது. தறியிலேயே உருவத்தை நெய்யும் ஜக்கார்டு டிசைனைக் கட்டத்தாளில் போடும்போது, ஒவ்வொரு கட்டமும் பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) சந்திக்கும் ஒரு புள்ளி. வளைந்த கழுத்து கட்டத்தில் படிக்கட்டாகிவிடும். அது கண்ணுக்கு வளைவாகத் தெரியும்படி கட்டங்களை ஏற்றி இறக்குவது பழகப் பழகத்தான் வரும். ஊடை நூல் பிணையாமல் நீளமாக ஓடினால் பின்பக்கம் தளர்ந்து தொங்கும், உடுத்துகிறவர் மெட்டியில் மாட்டி இழுக்கும். அதனால் எங்கே பிணைப்பது என்பதையும் டிசைனர்தான் முடிவு செய்ய வேண்டும். கூடுதலாக ஒரு நிறம் சேர்த்தால் நெசவாளிக்கு நேரம் கூடும், கூலி கூடும், சேலை விலை கூடும். தாழம்பூ ரேக்கு, மல்லிமொக்கு, ருத்ராட்சம் என்று காஞ்சிபுரத்துக் கரைகள் இத்தனை தலைமுறை நின்றதற்கு அழகோடு சேர்ந்து இந்தக் கணக்கும் ஒரு காரணம். இதைப் படித்து வருகிறவர்களுக்கு திருப்பூரின் பின்னலாடை, கரூரின் படுக்கை விரிப்பும் சமையலறைத் துணியும், சேலை உற்பத்தியாளர்கள் என்று பக்கத்திலேயே வேலை இருக்கிறது. அதற்கு பெங்களூர் பட்டம் தேவையில்லை.

'உண்மையான ஆர்ட்டிஸ்ட் துணி வேலைக்குப் போவாரா' என்று உங்கள் தம்பி கேட்டால் இதைச் சொல்லுங்கள். சோழமண்டல ஓவியர் கிராமம் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் எப்படி உருவானது? இதே கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி செய்து விற்றார்கள், அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். நவீன இந்திய ஓவியத்தில் பெரிய பெயரான கே.ஜி. சுப்ரமணியன், நெசவாளர்களுக்கு டிசைன் உதவி தரும் அரசு அமைப்பான நெசவாளர் சேவை மையத்தின் பம்பாய்க் கிளையில் டிசைன் பொறுப்பில் இருந்தவர். ஓவியர் பிரபாகர் பர்வேயும் காசி மையத்தில் வேலை பார்த்தவர். சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் அப்படி மையங்கள் இன்றும் உண்டு. விடுமுறையில் ஒருநாள் மகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

செலவு? கல்லூரிக் கட்டணம் அரசுக் கல்லூரிக்குரிய சிறு தொகைதான். விடுதி, சாப்பாடு, தாள், வண்ணம் இவற்றுக்குத்தான் பணம் எடுத்துவைக்க வேண்டும், கையில் இருக்கும் 3 லட்சத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. சேர்ந்ததும் மறக்காமல் விண்ணப்பியுங்கள்.

இரண்டு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கம்பெனிகள் வாசலில் வந்து வரிசையில் நின்று ஆள் எடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டாம் ஆண்டிலிருந்தே ஒவ்வொரு கோடை விடுமுறையையும் கரூரிலோ திருப்பூரிலோ ஒரு டிசைன் ஸ்டுடியோவில் கழிக்க அவளை அனுப்பத் தயாராக இருங்கள். சம்பளம் வராவிட்டாலும் பரவாயில்லை. இன்னொன்று, கம்ப்யூட்டரே படம் வரைந்து தரும் காலம் இது. சும்மா அழகான பூப்படம் போட்டுக் கொடுக்கும் வேலை குறையத்தான் செய்யும். வந்த படத்தை 5 நிறமாகப் பிரித்து, தறியில் ஏறும்படி மாற்றி, நெசவாளியோடு உட்கார்ந்து சரிசெய்யத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும். அதனால் மென்பொருளோடு நூலையும் தறியையும் அவள் கற்றே ஆக வேண்டும்.

சேர்க்கைக்குக் கையால் வரையும் செய்முறைத் தேர்வு உண்டு. போனில் பார்த்துப் படம் காப்பி அடிப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். குடம், செருப்பு, கடைத் தராசு, உங்கள் கை என்று எதிரில் இருப்பதைத் தினமும் ஒரு மணி நேரம் பென்சிலில் வரையட்டும். வாரத்தில் ஒருநாள், பார்த்த ஒரு காட்சியை நினைவிலிருந்து வரையட்டும். உங்கள் தெரு நெசவாளர் யாராவது ஒருவரிடம் அனுமதி கேட்டு அச்சு, விழுது, பாவு என்று தறியைப் பகுதி பகுதியாக வரைந்து பழகினால், தேர்வுக்கும் ஆகும், படிப்புக்கும் ஆகும். இடம் கிடைக்காவிட்டால் சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தின் டிப்ளமோவைப் பார்க்கலாம். அங்கே வரைவதைவிடத் தறியின் இயக்கத்துக்கும் நூலின் தொழில்நுட்பத்துக்கும்தான் அழுத்தம் அதிகம், அதனால் அவளிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கல்லூரியின் விண்ணப்ப அறிவிப்பு வரும்போது பிரிவு விருப்பத்தை அவள் கையாலேயே நிரப்பட்டும், மாமாவோ அத்தையோ நிரப்ப வேண்டாம். வருகிற வாரம் அவளுடைய அப்பாவால் ஒரு மதியம் கடையை யாரிடமாவது விட்டுவிட்டு வர முடிந்தால் மூவருமாக வாருங்கள், செலவுக் கணக்கை அவர் எதிரில் போட்டுக் காட்டுகிறேன். அதுவரை வங்கிப் பாரத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.